பன்னிரு முதலியாரும் நீதிமன்றப் பண்டிதரும்

1707 ஜனவரி 30ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற டச்சு அதிகாரி ஒரு கையெழுத்துப் பிரதியை மேலிடத்தில் ஒப்படைத்தார். அந்நாட்டுத் தமிழர்கள் சொத்தை எப்படிப் பிரிக்கிறார்கள், பெண்ணுக்கு என்ன கொடுக்கிறார்கள், யாரைத் தத்தெடுக்கலாம், நிலத்தை எப்படி ஒற்றி வைக்கிறார்கள், அடிமையின் பிள்ளை யாருக்குச் சேரும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. அதே ஆண்டில் சென்னப்பட்டணத்தில் ஆளுநர் தாமஸ் பிட் ஒரு தெருச் சண்டையைத் தீர்க்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். வலங்கைச் சாதியாரின் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம், இடங்கையாரின் ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பது தகராறு. கோமுட்டிகள் ஒரு பக்கம், பேரிச் செட்டிகள் மறு பக்கம். பிட் தெருக்களைப் பிரித்து எல்லை வகுத்தார். பிரித்தது பிடிக்காமல் வலங்கையார் பலர் ஊரைவிட்டுச் சாந்தோமுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

இரண்டும் தமிழர் ஊர்கள். இரண்டிலும் ஆண்டது ஒரு வணிகக் கம்பெனி. உள்ளூர் மக்களின் வழக்குகளை எந்தச் சட்டப்படி தீர்ப்பது என்ற கேள்வி இரண்டு கம்பெனிகளுக்கும் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் வழக்கத்தைக் கேட்டு ஒரு புத்தகமாக எழுதினார்கள். சென்னையில் முதலில் தகராறு வரவரத் தீர்த்தார்கள். பிறகு, ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த சமஸ்கிருதப் புத்தகங்களைக் கொண்டுவந்து மக்கள்மேல் வைத்தார்கள். இந்த இரண்டு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். காலனி நீதிமன்றம் என்றதும் அந்நியச் சட்டம் நம் சட்டத்தை அழித்த கதையாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டு ஊர்களிலும் நடந்தது அதுவல்ல. நம் வழக்கம் எது என்று நம்மில் யாரைக் கேட்டார்கள் என்பதில்தான் சமூகங்களுக்கிடையே நீதி கிடைத்ததும் கிடைக்காமல் போனதும் பெரும்பாலும் முடிவாயிற்று.

யாழ்ப்பாணத்தை முதலில் பார்க்கலாம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து டச்சுக்காரர் கைப்பற்றிய நாடு அது. இலங்கையின் டச்சு ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் ஆணையிட, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மக்களிடையே வாழ்ந்து பழகிய ஐசாக்ஸ் வழக்கங்களைத் தொகுத்தார். யான் பீரஸ் என்பவர் அதைத் தமிழில் மொழிபெயர்த்தார். பிறகு அந்தத் தமிழ்ப் பிரதி பன்னிரண்டு முதலியார்களிடம் சரிபார்க்கக் கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: இங்கே முதலியார் என்பது சாதிப்பெயர் அல்ல, அரசாங்கம் உள்ளூர்ப் பெரியவர்களுக்குக் கொடுத்த பதவி. போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே அரசாங்கத்தோடு ஒட்டி வாழ்ந்த குடும்பங்கள் அவர்களுடையவை. கையெழுத்திட்டவர்களின் பெயர்களில் ‘தொன்’ என்ற போர்த்துக்கேய அடைமொழி நிற்பதை இன்றும் காணலாம். அவர்கள் படித்துப் பார்த்து நாட்டு வழக்கப்படி இருப்பதாக ஒப்புதல் தந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பிரதிகள் நீதிமன்றங்களுக்கு அனுப்பப்பட்டன. அதுதான் தேசவழமை.

இந்த முயற்சியில் பாராட்டவேண்டியது நிறைய இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் காணிக்கு உறுதி முடிக்கப் போகும் ஒரு குடும்பத்தைக் கவனித்தால் இது புரியும். நொத்தாரிசு முதலில் கேட்பது, இந்தக் காணி உங்களுக்கு எப்படி வந்தது என்றுதான். தகப்பன் வழியில் வந்ததா, அப்படியென்றால் முதுசம். கல்யாணத்தில் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்ததா, அது சீதனம். புருஷன் பெண்சாதி இருவரும் கூடி வாழ்ந்த காலத்தில் வாங்கியதா, அது தேடியதேட்டம். இந்தச் சொற்களுக்கு அகராதி தேடவேண்டியதில்லை. அம்மம்மா அடுப்படியில் இருந்தபடியே விளக்குவார். நீதிமன்றத்தில் நீதிபதி பேசும் சட்டமும் வீட்டில் கிழவி பேசும் சட்டமும் ஒரே சொற்களில் இருப்பது சாதாரண விஷயமில்லை. அந்தச் சட்டத்தில் பெண்ணுக்குச் சொந்தமாக நிலம் உண்டு. சீதனமாக வந்த காணி அவள் பெயரில் நிற்கும், அவளுடைய பெண்மக்களுக்குச் சீதனமாகப் போகும். அதே காலத்தில் சோழமண்டலக் கரையில் நீதிமன்றம் ஏறிய ஒரு கூட்டுக்குடும்பத்துப் பெண்ணுக்குத் தகப்பன் நிலத்தில் இப்படிக் கைவைக்க வழியே இருந்ததில்லை. (சீதனம் வாங்கிய பெண், ஆண்மக்கள் இருக்கும்வரை பெற்றோரின் மற்ற சொத்தில் பங்கு கேட்க முடியாது என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்லவேண்டும்.)

இன்னொரு நேர்மையும் தேசவழமையில் இருக்கிறது. தான் எழுதுவது ஆதிகாலத்து மாறாத வழக்கம் என்று அது பாசாங்கு செய்யவில்லை. முன்காலத்தில் முதுசம் ஆண்களுக்கும் சீதனம் பெண்களுக்கும் போயிற்று என்றும், அரசாட்சிகள் மாறியதில், குறிப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில், அந்த முறைகள் படிப்படியாக மாறின என்றும் தொகுப்பே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. வழக்கம் மாறிக்கொண்டே வந்தது என்று தெரிந்தே எழுதினார்கள். எழுதியதும் அது நின்றுவிட்டது.

எந்த நிலையில் நின்றது என்பதில்தான் என் மனம் ஆறுவதில்லை. தேசவழமையில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. கோவியர், பள்ளர், நளவர் முதலானோர் அதில் சொத்தாக வருகிறார்கள். ஒருவருடைய ஆண் அடிமை இன்னொருவருடைய பெண் அடிமையைக் கட்டிக்கொண்டால், பிறக்கும் பிள்ளைகள் பெண்ணின் எசமானுக்குச் சேரும். மாட்டுக்கன்று யாருக்கு என்று தீர்க்கும் விதி இது. இந்தப் பகுதியைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு நளவரையோ பள்ளரையோ யாரும் கூப்பிடவில்லை. பன்னிரண்டு பேரும் நிலமும் ஆளடிமையும் உள்ள வர்க்கத்தின் பிரதிநிதிகள். நாட்டு வழக்கம் என்று அவர்கள் சொன்னது அவர்களுடைய வாயிலிருந்து வந்த வழக்கம். அதற்குமுன் ஊரில் அடிமைத்தனம் இல்லையென்று சொல்லவரவில்லை. இருந்தது. ஆனால் எழுதாத வழக்கத்தில் பேரம் பேச இடம் இருக்கும். ஒரு எசமான் இரக்கப்படுவார், ஒரு தலைமுறை தப்பி ஓடும், ஒரு பஞ்சத்தில் கட்டுகள் தளரும். 1707க்குப் பிறகு, ஓடியவனைத் திருப்பிக் கேட்கும் எசமான் கையில் அரசாங்கம் ஒப்புக்கொண்ட புத்தகம் இருந்தது.

பிரிட்டிஷார் வந்து அதை இன்னும் இறுக்கினார்கள். 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதி தேசவழமை முழுவதும் அமலில் இருப்பதாக அறிவித்தது. யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகளுக்குள் வரும் வழக்குகளும், அவர்கள் பிரதிவாதியாக நிற்கும் வழக்குகளும் அதன்படியே தீர்க்கப்படவேண்டும் என்றது. மலபார் குடிகள் என்றால் தமிழர். அந்தச் சொல் இன்றும் இலங்கைச் சட்டத்தில் அப்படியே கிடக்கிறது. அடிமை விதிகளும் இந்த ஒரே ஆணையில் சேர்ந்தே உயிர்பெற்றன. 1821இல் அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசாங்கம் விலை கொடுத்து விடுவிக்கும் ஏற்பாடு வந்தது. 1844இல்தான் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஐசாக்ஸின் பிரதிக்கும் அந்த ஆண்டுக்கும் இடையே 137 ஆண்டுகள்.

இப்போது சென்னைக்கு வருவோம். ஊர்ச் சண்டைகளைச் சாவடி நீதிமன்றத்திலும் 1688 முதல் மேயர் நீதிமன்றத்திலும் தீர்த்துவந்த கம்பெனி, மாகாணம் முழுவதும் தன் கைக்கு வந்ததும் ஒழுங்கான நீதிமன்ற அமைப்பு ஒன்றைத் தேடியது. வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் வகுத்த திட்டம் தயாராக இருந்தது: வாரிசு, திருமணம், சாதி முதலியவற்றில் இந்துக்களுக்குச் சாஸ்திரம், முஸ்லிம்களுக்குக் குர்ஆன். 1802இல் அது சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஜில்லா கோர்ட்டுகள் அமைந்தன. அவற்றோடு பண்டிதரும் முப்தியும் சம்பளத்துக்கு அமர்ந்தார்கள். வழக்கில் சாஸ்திரச் சந்தேகம் வந்தால் நீதிபதி கேள்வி எழுதி அனுப்புவார்; பண்டிதர் வியவஸ்தை, அதாவது சாஸ்திரப்படியான தம் கருத்தை, எழுதி அனுப்புவார்.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் மாறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே அதிகாரி ஊரைக் கேட்டார். ஊர் என்று அவர் எண்ணியது பன்னிரண்டு பேரை. இங்கே ஊரைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மதுரைப் பக்கத்துக் கள்ளர் வீட்டில் கைம்பெண் மறுமணம் செய்துகொள்வதும், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடியானவர் நிலத்தைப் பிரித்துக்கொள்வதும், நாடார் பனைக்காட்டை மகனுக்கு விடுவதும் எந்த விதிப்படி நடந்தன என்பதை விஞ்ஞானேசுவரர் பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய நாட்டில் எழுதிய மிதாட்சரத்தில் தேடினார்கள். அந்த வீடுகளில் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. கோல்புரூக் 1810இல் அதன் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். சென்னை உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் எழுதிய இந்துச் சட்டநூல் வந்தது. 1864இல் நீதிமன்றப் பண்டிதர் பதவியையே எடுத்துவிட்டார்கள். அதன்பின் பண்டிதரும் வேண்டியிருக்கவில்லை. ஆங்கில நூல்களும் முந்தைய தீர்ப்புகளும் போதும் என்றாயிற்று.

இதற்கு எதிர்ப்பே இல்லாமல் போகவில்லை. எல்லிஸ் போன்ற அதிகாரிகள் தமிழ்நாட்டு நில உரிமையை, காணியாட்சியை, உள்ளூர் வழக்கத்திலிருந்தே விளங்கிக்கொள்ள முயன்றார்கள். இன்னொரு கம்பெனி அதிகாரியான மன்றோ 1816இல் கிராம முன்சீப்பையும் பஞ்சாயத்தையும் சட்டத்தில் ஏற்றினார்; முன்சீப் நிலைத்தார், பஞ்சாயத்து முறை சரியாக வேரூன்றவில்லை. எல்லோரையும்விட உரக்கப் பேசியவர் ஜேம்ஸ் ஹென்றி நெல்சன். மதுரை நாட்டைப் பற்றி 1868இல் பெரிய நூல் எழுதிய அதே நெல்சன்தான். மாவட்ட நீதிபதியாக இருந்துகொண்டே, 1877 முதல் 1887 வரை மூன்று நூல்களில், சென்னை உயர் நீதிமன்றம் இந்துச் சட்டம் என்ற பெயரில் நடத்துவது தமிழ்நாட்டுப் பெரும்பான்மைச் சாதிகள் ஒருநாளும் பின்பற்றாத சட்டம் என்று வாதிட்டார். உயர் நீதிமன்ற நீதிபதி இன்னஸ் அவரைக் கடுமையாக மறுத்தார். இத்தனை ஆண்டுத் தீர்ப்புகளைக் கலைத்தால் சொத்துரிமை எல்லாம் ஆட்டம் காணும் என்பது மறுப்பின் சாரம். நெல்சனின் நூல்களில் மிகை உண்டு. சமஸ்கிருதப் பற்றாளர்கள்மேல் அவருக்கிருந்த எரிச்சல் சில இடங்களில் நியாயத்தைத் தாண்டிப் போகிறது. ஆனால் அவர் கேட்ட அடிப்படைக் கேள்விக்கு இன்னஸ் பதில் சொல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன். ஒரு மறவர் குடும்பத்தின்மேல் அவர்கள் ஏற்காத நூலைச் சுமத்த எந்த நீதிபதிக்கு என்ன உரிமை?

மறவர் என்றதும் இராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் சொல்லாமல் நகர முடியாது. இரண்டுமே லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன வழக்குகள். இராமநாதபுரத்து ராணி பர்வதவர்த்தினி, கணவர் இறந்தபின் சபிண்டர்களின், அதாவது கணவரின் நெருங்கிய உறவினர்களின், சம்மதத்தோடு ஒரு மகனைத் தத்தெடுத்தார். கணவரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் கைம்பெண் தத்தெடுக்கலாமா என்பது கேள்வி. மதுரைக் கலெக்டர் செல்லாது என்றார். செல்லாதென்றால் ஜமீன் அரசாங்கத்துக்கு வரும். 1868இல் பிரிவி கவுன்சில் தத்து செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பின் ஒரு வரியைச் சட்டம் படித்தவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள்: தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட சாஸ்திரத்தை வெல்லும் என்பது அதன் பொருள்.

நல்ல கொள்கை. ஆனால் நிரூபிக்கவேண்டியது யார்? வழக்கம் என்று சொல்பவர். தொன்றுதொட்டு, இடைவிடாமல், ஐயத்துக்கிடமின்றி நடந்துவருவதாக அவர் காட்டவேண்டும். சாட்சி வேண்டும், பழைய பத்திரம் வேண்டும், முந்தைய தீர்ப்பு இருந்தால் நல்லது. ஜமீன்தாரிடம் இவையெல்லாம் இருக்கும், வக்கீலும் இருப்பார். நாலு குழி நிலத்துக்காக வழக்காடும் குடியானவரிடம் என்ன இருக்கும்? நிரூபிக்க முடியாதபோது சாஸ்திரம்தான் சட்டம். யாழ்ப்பாணத்தில் தன் வழக்கத்தை யாரும் நிரூபிக்கவேண்டியதில்லை, புத்தகத்தைத் திறந்தால் போதும். இந்த ஒரு வேறுபாடு, ஏழைச் சாதிக்காரரின் நடைமுறை சென்னை மாகாண நீதிமன்றங்களில் ஏன் சிறிது சிறிதாகக் கரைந்தது என்பதற்குப் பெரிய காரணம்.

இதற்கு நேரெதிரான சாட்சியம் ஒன்றையும் மறைக்காமல் வைக்கவேண்டும். சிவகங்கை ஜமீன் 1829இல் ஜமீன்தார் இறந்ததும் அண்ணன் வழிப் பங்காளிகள் கைக்குப் போயிற்று. அதை எதிர்த்து அவருடைய மனைவி அங்கமுத்து நாச்சியாரும், பின்னால் மகள் காத்தம நாச்சியாரும் ஏறக்குறைய முப்பதாண்டுக் காலம் வழக்காடினார்கள். ஜமீன் இறந்தவர் தாமே சம்பாதித்த சொத்தாகக் கருதப்படவேண்டியது, ஆகவே பங்காளிக்கு முன் மனைவிக்கும் பிறகு மகளுக்கும் வரும் என்று 1863இல் பிரிவி கவுன்சில் சொன்னது. காத்தம நாச்சியார் வென்றார். அவருக்கு வெற்றி தந்தது மிதாட்சரம்தான். பங்காளிகளின் பலத்தை எதிர்த்து நிற்க ஒரு பெண்ணுக்குத் தொலைவில் இருந்த நூல் உதவியது. உள்ளூர் வழக்கம் என்றாலே நியாயம், வெளியிலிருந்து வந்த நூல் என்றாலே அநியாயம் என்று கோடு கிழிப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்கவேண்டும்.

சமூகங்களுக்கிடையே நீதி என்ற கேள்வி உச்சத்துக்கு வந்தது கமுதியில். 1897 மே மாதம் நாடார்கள் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். கோயிலின் அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி, கோயில் தீட்டுப்பட்டதாகச் சொல்லி வழக்குத் தொடுத்தார். சுவாமி விவேகானந்தர் சிகாகோவுக்குப் போகத் துணைநின்றவர் என்று நாம் கொண்டாடும் அதே சேதுபதிதான். மதுரை சார்பு நீதிமன்றம் 1899இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் நாடார்களுக்கு எதிரான கலவரத்தில் சிவகாசி எரிந்திருந்தது. உயர் நீதிமன்றமும், 1908இல் பிரிவி கவுன்சிலும் தீர்ப்பை உறுதிசெய்தன.

நாடார்கள் அந்தக் கோயிலுக்குள் வரும் வழக்கம் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். அதாவது, இராமநாதபுரத்து ராணிக்குத் தத்தெடுக்கும் உரிமையைக் கொடுத்த வழக்கம் என்ற அதே அளவுகோல், நாற்பதாண்டு கழித்து அதே இராமநாதபுரம் சீமையில் ஒரு சாதியை வாசலில் நிறுத்தியது. சொந்த உழைப்பிலும் வணிகத்திலும் தலைநிமிர்ந்து, பள்ளிக்கூடமும் உறவின்முறையும் கட்டி எழுந்துகொண்டிருந்த சமூகம் அது. ஊரில் மாறிக்கொண்டிருந்த ஒரு நிலையை நீதிமன்றம் பழைய இடத்தில் ஆணியடித்து நிறுத்தியது. தெருவில் நடந்திருக்கக்கூடிய சமரசத்துக்கு அதன்பின் இடமில்லாமல் போயிற்று. உள்ளே வராதே என்று சொல்பவர் கையில் சாம்ராஜ்யத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு இருந்தது. யாழ்ப்பாணத்து எசமான் கையில் தேசவழமை இருந்ததுபோலவே.

சாஸ்திரத்தைச் சட்டமாக்கியதன் இன்னொரு விளைவு, யார் எந்த வருணம் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. சூத்திரருக்கு ஒரு வாரிசு விதி, மற்றவர்க்கு வேறு விதி என்று நூல் சொன்னால், வந்தவர் யார் என்று முதலில் முடிவாகவேண்டுமே. 1924இல் சென்னை உயர் நீதிமன்றம் தஞ்சை மராத்திய அரச குடும்பம் சூத்திரர் என்று தீர்ப்பளித்தது. சொத்து யாருக்கு என்பது அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அரச குடும்பத்துக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைச் சொல்லவேண்டாம். தேசவழமையில் இந்த வருண விசாரணைக்கு வேலையே இருந்ததில்லை. அதன் கொடுமை வேறு வகை: சாதியை அது விசாரிக்கவில்லை, அடிமைப் பட்டியலில் நேராகவே பெயர் எழுதிவிட்டது.

அடிமைக் கேள்வியில் இரண்டு கரைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், இலங்கையில் 1844ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். தமிழகத்தில் தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் பள்ளரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கவும் ஒற்றி வைக்கவும் பட்டார்கள். அடிமைகளைப் பதினைந்து வகையாகப் பிரித்த நாரத ஸ்மிருதி அதற்குத் துணையாகக் காட்டப்பட்டது. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமேல் எசமானுக்குள்ள உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது, அவ்வளவுதான். விடுதலையானவருக்கு ஒரு சாண் நிலம் கொடுக்கவில்லை. குடியிருந்த மனைக்கட்டே மிராசுதாருடையது. கடன் பத்திரம் அடிமைப் பத்திரத்தின் இடத்தைப் பிடித்தது, பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தார். யாழ்ப்பாணத்திலும் நிலம் கிடைக்கவில்லை. கிணறும் கோயிலும் அடைபட்டே இருந்தன. தமிழ்நாட்டில் 1939இல் வைத்தியநாதையர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரும் நாடாரும் நுழைந்தார்கள், சட்டமும் உடனே வந்தது. இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வர 1957 ஆயிற்று. அது வந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய அதன் வாசலில் மக்கள் போராடவேண்டியிருந்தது.

எழுதாமல் விட்ட வழக்கங்களின் கதி என்னவென்றும் பார்க்கவேண்டும். மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் முக்குவருக்குத் தாய்வழி வாரிசு முறை இருந்தது. தேசவழமைக்குக் கிடைத்த இடம் அதற்குக் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது வழக்கொழிந்து, ரோமன்-டச்சுச் சட்டமும் 1876ஆம் ஆண்டின் பொது வாரிசுச் சட்டமும் அந்த இடத்தைப் பிடித்தன. ஒரே தீவில், ஒரே மொழி பேசுபவர்களில், வடக்கிலுள்ளவருக்குத் தனிச்சட்டம் உண்டு, கிழக்கிலுள்ளவருக்கு இல்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் 1827இல் உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்டு ஒரு ஆலோசனைக் குழு அமைத்து, வழக்கம் பற்றிய சந்தேகங்களை அவர்களிடம் கேட்டார்கள். கேட்பதை ஒருமுறையோடு நிறுத்தாத ஏற்பாடு என்பதால் அது தேசவழமையைவிட ஒருபடி மேல். குழுவில் யார் உட்கார்ந்தார்கள் என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

வெள்ளையர் ஆட்சியின் கடைசிக் காலத்திலும் அவர்கள் போனபின்னும் இரண்டு கரைகளும் பிரிந்த விதம் நான் சொல்ல வந்ததை இன்னும் தெளிவாக்குகிறது. தமிழ்நாட்டில் சட்டம் தங்களுடைய வழக்கத்திலிருந்து வந்ததல்ல என்பதால், அதை மாற்றச் சொல்ல மக்கள் தயங்கவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது, நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. மேலிருந்து சுமத்தப்பட்ட நூல் என்பதே சீர்திருத்தத்தை எளிதாக்கியது.

யாழ்ப்பாணத்தில் தேசவழமை எங்களுடையது என்ற உணர்வு ஆழமானது. தமிழர் உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிபோன காலத்தில் அது ஒரு அடையாளமாகவும் ஆனது. அதைக் குறைசொல்வது தமிழரைக் குறைசொல்வதாகப் பார்க்கப்பட்டது. தெற்கின் அரசியல் மேடைகளில், வடக்கில் வேறு இனத்தவர் காணி வாங்கத் தேசவழமை தடை என்ற பேச்சு அடிக்கடி கேட்கும். அது உண்மையல்ல. 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி, பங்குக் காணியை வெளியாருக்கு விற்குமுன் கூட்டுச் சொந்தக்காரரிடமும் வாரிசுகளிடமும் முதலில் கேட்கவேண்டும், அவ்வளவுதான். வாங்குபவர் யாராக இருந்தாலும் அதே விதி. பொய்க் குற்றச்சாட்டுக்கு எதிராக ஒரு சட்டத்தைக் காக்கவேண்டி வரும்போது, அதன் உண்மையான குறைகளைப் பேசும் துணிவு குறைந்துவிடுகிறது.

அந்தக் குறைகளில் மிகக் கொடியது இன்றும் உயிரோடு இருக்கிறது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை, தாய் எழுதிக் கொடுத்த சீதனக் காணியையே, விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் தரமறுத்தால், அல்லது விட்டுப் போய்விட்டால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கவேண்டும். போரில் கணவனைத் தொலைத்த பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர் இறந்தார் என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல், மரணச் சான்றிதழ் வாங்க மறுத்து, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுத் தெருவில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். காணாமற்போனதற்கென ஒரு சான்றிதழ் சட்டத்தில் வர 2016 ஆயிற்று. பிள்ளையின் படிப்புக்குத் தன் சொந்த வளவை ஈடு வைக்க விரும்பும் அப்படியொரு தாய், கையெழுத்துப் போட வரமுடியாத மனிதரின் கையெழுத்துக்காக நீதிமன்றப் படியேறுகிறாள்.

இந்த விதியைத் திருத்தும் பேச்சு வரும்போதெல்லாம் சட்டத்தரணிகளையும் சமூகப் பெரியவர்களையும் கேட்கவேண்டும் என்கிறார்கள். கேட்கட்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கவேண்டும். கோவியர், பள்ளர், நளவர் வீட்டுப் பெண்களும் அந்த வரிசையில் இருக்கவேண்டும். 1707இல் அவர்களுடைய பாட்டிமாரை யாரும் கேட்கவில்லை.